மாஸ்ரரைக் கேளுங்கள்: விளக்கு நூர்த்த புகை

மாரி விட்டு வானம் வெளித்ததும் எனக்கு வரும் கடிதங்களும் மேலே பார்க்கத் தொடங்கிவிடும். மார்கழி வரை நுளம்பையும் கிணற்றுத் தண்ணீரில் படியும் கல்லையும் பற்றிக் கேட்டவர்கள், தை பிறந்ததும் அண்ணாந்துகொண்டு கேட்கிறார்கள். இந்த மாதம் வந்ததில் முக்கால்வாசி ஓரியன் நெபுலாவைப் பற்றியது: ஓரியன் என்ற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தில், நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு, தூசு முகில் அது. ஆகவே மற்றதெல்லாம் அடுத்த இதழில். கிணற்றுக்காரர்கள் குறை நினைக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் வானம் பார்க்கும் இரவு நடந்தது. ஓரியன் நெபுலாவைக் காட்டுகிறோம் என்று ஒன்றரை மணித்தியாலம் வரிசையில் நிற்க வைத்தார்கள். என் முறை வந்தபோது சாம்பல் நிறத்தில் ஊத்தை பட்ட மாதிரி ஏதோ தெரிந்தது. அவ்வளவுதான். விண்வெளியில் நிற்கும் வெப் தொலைநோக்கியின் படங்களில் சிவப்பும் நீலமும் பொன்னிறமுமாக இருக்கிறதே, யார் பொய் சொல்கிறார்கள்?
— உயர்தர வகுப்பு மாணவி, சுன்னாகம்

பதில்: ஒருவரும் பொய் சொல்லவில்லை, பிள்ளை. பிழை நடுவில் நின்ற ஆசிரியர்களுடையது. நானும் முப்பத்தொரு வருடம் அந்தக் கூட்டத்தில் இருந்தவன் என்பதால் துணிந்து சொல்கிறேன். சுவரில் வெப் படத்தை ஒட்டிவைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் தொலைநோக்கியை நிறுத்தினால் எந்த நெபுலாவும் தோற்றுத்தான் போகும்.

என்னிடம் இருப்பது ஆறு அங்குல டொப்சோனியன், பெட்டியில் இருத்திக் கையால் திருப்பும் ஆடித் தொலைநோக்கி. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி வாங்கி, ஊருக்கு வருகிறவர்களின் பெட்டிகளில் துண்டு துண்டாக அனுப்பியது. ஆடி மட்டும் சாரத்தில் சுற்றி, ஒருவரின் மடியிலேயே இருந்து வந்து சேர்ந்தது. அடிப்பெட்டியை இங்கே ஒரு தச்சரிடம் செய்வித்தேன். இது எதற்கு என்பதில் அவருக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. கிணற்றடிக்கும் முருங்கைக்கும் நடுவே வைத்துத் திருப்பினேன். முதல் ஆளாகப் பார்த்தவர் பக்கத்து வளவு ஆச்சி. எண்பது தாண்டியவர், இரண்டு கண்ணிலும் புரை எடுத்து வில்லை வைத்தவர். நெபுலா என்ற சொல்லைக் கேட்டதுமில்லை, வெப் படத்தைக் கண்டதுமில்லை. அதுதான் அவருடைய பலம்.

கதிரையில் இருந்து, முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கண்ணை வைத்தார்.

"ஒண்டும் தெரியேல்லை."

"நேரே பாக்காதேங்கோ ஆச்சி. கொஞ்சம் பக்கத்தாலை பாக்கிற மாதிரிப் பாருங்கோ. அவசரமில்லை."

ஒரு நிமிடம் சத்தமில்லை. எங்கோ ஒரு நாய் குரைத்தது. பிறகு கண்ணை எடுக்காமலே சொன்னார்: "விளக்கு நூர்த்தவுடனை ஒரு புகை எழும்புமெல்லே தம்பி? அது போகாமல் அப்பிடியே நிண்ட மாதிரிக் கிடக்கு."

உங்கள் வயதுக்கு இது விளங்காமல் இருக்கலாம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், ஒரு நூல் திரி. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் ஒரு தலைமுறை பல்கலைக்கழகம் போனது. ஊதி நூர்த்தால் இருட்டில் வெளிறிய ஓர் இழை நெளிந்து எழும்பி, மேலே போய் இரண்டு பக்கமும் விரியும். வௌவால், பறவை, விசிறி, பூ என்று இந்த நெபுலாவுக்கு நான் வாசித்த உவமைகள் கொஞ்சமல்ல. தொலைநோக்கியில் கண்ணுக்குத் தெரிவதோடு அச்சொட்டாகப் பொருந்துவது ஆச்சி சொன்னதுதான்.

சரி, ஏன் சாம்பல் நிறம்? எங்கள் விழித்திரையில் நிறம் பிரிக்கும் கூம்புகளுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கலில் வேலை செய்பவை கோல்கள். அவற்றுக்கு நிறம் தெரியாது, சிவப்பென்றால் அறவே தெரியாது. நெபுலாவில் ஐதரசன் விடும் ஒளி 656 நானோமீற்றர், கடுஞ்சிவப்பு. ஆகவே படங்களில் நெபுலா முழுக்கச் சிவந்து கிடப்பதற்குக் காரணமான ஒளி உங்கள் கண்ணுக்கு வந்தும் வராதது போலத்தான். உங்களுக்குத் தெரிந்த அந்த "ஊத்தை" பெரும்பாலும் ஒட்சிசனின் ஒளி. 500.7 நானோமீற்றர், பச்சை. கோல்கள் ஆகக் கூர்மையாகப் பார்ப்பதும் அந்த அலைநீளத்தை ஒட்டித்தான். என்னுடைய ஆறு அங்குலத்திலேயே மிக இருட்டான இரவில் நடுப்பகுதியில் ஒரு பச்சைச் சாயல் தெரிகிறது. ஆச்சிக்குத் தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரிகிறது, ஆனால் நான் கேட்ட பிறகு.

அந்தப் பச்சைக்கு ஒரு கதை உண்டு. 1864 இல் வில்லியம் ஹகின்ஸ் என்ற ஆங்கிலேயர் வேறொரு நெபுலாவின் ஒளியைத் திருசியமாகப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்த மூலகங்களில் எதற்கும் பொருந்தாத பச்சைக் கோடுகள் வந்தன. பூமியில் இல்லாத மூலகம் என்று எண்ணி அதற்கு நெபுலியம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1927 இல்தான் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஐரா போவன் கண்டுபிடித்தார்: நாம் மூச்சு விடும் அதே ஒட்சிசன், இரண்டு இலத்திரன்களை இழந்த நிலையில். இந்த ஒளியை விட அந்த அணு நெடுநேரம் மோதுப்படாமல் தனித்து இருக்க வேண்டும். எங்கள் காற்றில் அதற்கு இடமே இல்லை. ஒரு கன சென்ரிமீற்றர் காற்றில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. அதாவது 25 என்று எழுதிப் பின்னால் பதினெட்டுச் சுழியம். நெபுலாவின் பிரகாசமான பகுதியில் அதே இடத்துக்குள் இருப்பது சில ஆயிரம் அணுக்கள், மிஞ்சினால் பத்தாயிரம் அளவில்.

இன்னொன்று. கமரா திறந்தபடி மணிக்கணக்காக ஒளியைச் சேர்க்கும். கண் ஒரு செக்கனின் சிறு பங்கு நேரம் மட்டும்தான் சேர்த்து வைக்கும், உடனுக்குடன் செலவழித்துவிடும். அன்றாடங்காய்ச்சி. ஆகவே முறை வந்து கண்ணை வைத்த இருபது செக்கனில் உங்களால் பார்க்க முடிந்தது மிகக் குறைவு. கலிலியோ 1610 இல் வெளியிட்ட தன் நூலில் ஓரியனின் இடைப்பட்டி, வாள் பகுதியில் எண்பதுக்கு மேற்பட்ட நட்சத்திரங்களைக் குறித்துப் படம் போட்டார், இந்த முகிலைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. அதே வருடக் கடைசியில் பிரான்சில் பெய்ரெஸ்க் என்பவர் பார்த்துக் குறித்துக்கொண்டார். கலிலியோவுக்கே தப்பியதை ஒன்றரை மணித்தியால வரிசைக்குப் பிறகு நீங்கள் கண்டிருக்கிறீர்கள்.

அடுத்த முறை போனால் அந்தப் புகையின் நடுவைப் பாருங்கள். நெருக்கமாக நான்கு நட்சத்திரங்கள் சரிவகம் போல் நிற்கும். அவற்றில் ஆகப் பிரகாசமானதன் மேற்பரப்பு ஏறக்குறைய 39,000 கெல்வின். சூரியன் 5,800 தான். புகை முழுவதையும் தன் கழியூதாக் கதிரால் ஒளிரவைப்பதில் பெரும்பங்கு அந்த ஒன்றுக்குத்தான்.

கேள்வி: நான் கல்யாண வீட்டு அல்பம் செய்கிறவன். வெப் படங்களும் எங்கள் வேலை மாதிரித்தானே? மணமகளின் முகத்துக்கு நாங்கள் செய்வதை அவர்கள் நெபுலாவுக்குச் செய்கிறார்கள்.
— ஸ்ரூடியோ உரிமையாளர், சாவகச்சேரி

பதில்: கொஞ்சம் ஆம். ஆனால் நீங்கள் மறைப்பதை அவர்கள் காட்டுகிறார்கள்.

வெப் பார்ப்பது பெரும்பாலும் செங்கீழ்க் கதிர். கண்ணுக்கு அதில் நிறமென்று ஒன்றே கிடையாது. வெவ்வேறு வடிகட்டிகள் வழியே கறுப்பு வெள்ளையாகத்தான் படங்கள் வரும். அலைநீளம் கூடியதற்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம், இடைப்பட்டதற்கு இடைப்பட்ட நிறங்கள் என்று ஒழுங்கு மாறாமல் ஏற்றுவார்கள். ஆண் குரலுக்கு எழுதிய பாட்டைப் பெண் சுருதி கூட்டிப் பாடுவது போல. சுரங்களின் இடைவெளி மாறாது.

உங்கள் தொழிலில் உள்ளவருக்கு 2023 ஜூலையில், வெப் வேலை தொடங்கி ஒரு வருடம் முடிந்ததற்காக வெளியிட்ட ரோ ஓபியூக்கி படத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆகக் கிட்டவாக நட்சத்திரங்கள் உருவாகும் இடம் அது. படத்தில் ஏறக்குறைய ஐம்பது இளம் நட்சத்திரங்கள், பெரும்பாலும் சூரியன் அளவோ அதற்குக் குறைவோ. செக்கச் சிவந்து குறுக்கும் மறுக்கும் பீச்சியடிப்பது மூலக்கூற்று ஐதரசன். பிறந்து கொண்டிருக்கும் நட்சத்திரம் இரண்டு முனைகளாலும் கக்குகிற வாயு, சுற்றியுள்ள முகிலில் மோதி ஒளிர்கிறது. சாதாரண ஒளியில் அந்த இடம் வெறும் இருட்டு. தூசு மறைத்துவிடும். செங்கீழ்க் கதிர் தூசுக்குள்ளால் வந்துவிடும்.

அதே படத்தின் கீழ்ப்பாதியில் குகை மாதிரி மஞ்சளாக ஒளிரும் பகுதி ஒன்றுண்டு. அதில் ஒளிர்பவை பல்வளைய அரோமற்றிக் ஐதரோகாபன்கள். பெயர் நீளம், ஆள் பழக்கமானவர்தான்: மண்ணெண்ணெய் விளக்குச் சிமினியில் படியும் கரியிலும் அதே குடும்பம் இருக்கிறது. ஓரியன் நெபுலாவின் விளிம்பிலும் அவற்றை வெப் பார்த்திருக்கிறது. இதை ஆச்சியிடம் சொன்னேன். "பின்னை என்ன, நான் சொன்னதுதானே" என்றார், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

முதல் வண்ணப் படங்கள் வந்த 2022 ஜூலை 12 அன்று நான் பெற்றோல் வரிசையில் நின்றேன். போனில் சார்ஜ் நான்கு வீதம். கரீனா நெபுலாவின் படம் மேலிருந்து கீழே மெல்ல மெல்ல இறங்கியது. மலை போன்ற அந்த முகிலில் பாதி தெரிய போன் நின்றுவிட்டது. பெற்றோலும் எனக்கு முன் ஏழாவது ஆளோடு முடிந்தது.

கேள்வி: "அருகிலுள்ள" நட்சத்திரப் பிறப்பிடம் என்று எழுதுகிறீர்கள். 1,350 ஒளியாண்டு எப்படி அருகாகும்?
— ஓய்வுபெற்ற பஸ் சாரதி, கோண்டாவில்

பதில்: உங்களுக்கு உங்கள் வழியிலேயே சொல்லலாம். எங்கள் பால்வீதியின் குறுக்களவு சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. அதை யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு வரைக்குமான 400 கிலோமீற்றராகச் சுருக்குங்கள். ஓர் ஒளியாண்டு நான்கு மீற்றர். சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் 17 மீற்றரில், முன்வீட்டுப் படலையடியில். ரோ ஓபியூக்கி 390 ஒளியாண்டு, அதாவது ஒன்றரைக் கிலோமீற்றர். யாழ் பஸ் நிலையத்தில் ஏறியவர் நல்லூருக்கே போய்ச் சேரவில்லை. ஓரியன் நெபுலா ஐந்தரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைய, உங்கள் கோண்டாவில் பக்கம். அதன் அகலம் 24 ஒளியாண்டு, நூறு மீற்றருக்குள் அடங்கும் ஒரு வளவு. கொழும்பு பஸ்ஸில் ஏறி அங்கே இறங்குகிறேன் என்றால் கொண்டக்டர் உங்களை என்ன சொல்வார்?

காலக்கணக்கில் பார்த்தால் வேறு மாதிரி. இப்போது எங்கள் கண்ணுக்கு வரும் ஓரியன் ஒளி ஏழாம் நூற்றாண்டில் புறப்பட்டது, சம்பந்தர் திருக்கேதீச்சரத்தையும் கோணமலையையும் பாடிய நூற்றாண்டு. ரோ ஓபியூக்கியின் ஒளி புறப்படும்போது யாழ்ப்பாணத்தில் பறங்கியர் ஆட்சி.

கேள்வி: என் மகள் திருவாதிரை நட்சத்திரம். நெபுலா திருவாதிரையில்தான் இருக்கிறதா? அதனால் கெடுதல் ஏதும் உண்டா? எப்போது, எப்படிப் பார்க்கலாம்?
— ஒரு தாய், நல்லூர்

பதில்: கெடுதல் இல்லை அம்மா. மகளை நுளம்பு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

திருவாதிரை என்பது ஓரியனின் ஒரு தோளில் இருக்கும் செந்நட்சத்திரம். தலைப்பக்கம் மங்கலாக நெருங்கி நிற்கும் மூன்றும் மிருகசீரிடம். நெபுலா இரண்டிலும் இல்லை. இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே, வாள் போல் தொங்கும் சிறு வரிசையின் நடுவில். வெறுங்கண்ணுக்கு அது நட்சத்திரம் போலவே தெரியும், ஆனால் சற்று ஈரம் பட்ட எழுத்து மாதிரி விளிம்பு கலங்கியிருக்கும். பெப்ரவரி நடுவில் இரவு எட்டு மணியளவில் தெற்கைப் பார்த்து நின்று நன்றாக அண்ணாந்தால் போதும்.

யாழ்ப்பாணத்தவருக்கு ஒரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மிருகசீரிடத்தின் பெரிய நட்சத்திரம் எங்கள் உச்சந்தலைக்கு நேரே கடந்து போகிறது. நகரத்தில் இருந்து பார்த்தால் நிலவின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் விலகும். பருத்தித்துறையில் அதுகூட இல்லை. ஆதிரை இரண்டு பாகைக்குச் சற்று மேல். நெபுலா உச்சியில் இருந்து பதினைந்து பாகை தெற்கே. லண்டனில் இருக்கும் என் மருமகன் அதைப் பார்க்கக் கூரைகளுக்கும் குளிருக்கும் மேலால் எட்டிப் பார்க்க வேண்டும். எங்களுக்குக் காற்றின் தடிப்புக் குறைந்த உச்சிப் பக்கத்திலேயே கிடைக்கிறது. (டொப்சோனியனை நேர் உச்சிக்குத் திருப்புவது மாட்டை மாடிப்படியில் ஏற்றுகிற வேலை என்பது வேறு கதை.)

நாள் பார்ப்பதில்தான் எங்கள் ஆட்கள் பிழை விடுகிறார்கள். திருவெம்பாவைக் காலத்தில் விடிய எழும்புகிறோமே, திருவாதிரையன்றே பார்க்கலாம் என்று கிளம்புவார்கள். மார்கழித் திருவாதிரை பௌர்ணமியை ஒட்டி வரும். அதாவது முழு நிலவு ஆதிரைக்குப் பக்கத்திலேயே வந்து குந்திக்கொண்டிருக்கும். வருடத்தில் நெபுலா பார்க்க அதைவிட மோசமான இரவு கிடையாது. சிவராத்திரிக்குப் பாருங்கள். அமாவாசைக்கு முதல் இரவு, நிலவு விடியப்போகும் நேரம்தான் எழும்பும். எப்படியும் நித்திரை கொள்ளப் போவதில்லை. முதற்சாமப் பூசை நேரம் ஓரியன் மேலே நிற்கும். நான்காம் சாமத்துக்குத் தென்கிழக்கில் கேட்டை செம்மையாக எழும்பியிருக்கும்; அதற்குச் சற்று வடக்கேதான் ரோ ஓபியூக்கி. அங்கே சிறு தொலைநோக்கியில் முகில் தெரியாது, நட்சத்திரம் அருகிய ஓர் இருட்டுத்தான் தெரியும். வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் விருச்சிகப் பக்கத்தில் அப்படி ஓர் இருட்டைக் கண்டு வானத்தில் ஓட்டை என்று சொன்னதாக அவருடைய தங்கை கரோலின் எழுதியிருக்கிறார். ஓட்டையில்லை, தூசு.

நல்லூர் வீதி வெளிச்சத்துக்குள் இதெல்லாம் சரிவராது. மணற்காட்டு மணல்மேடு, நெடுந்தீவு, சாட்டிக் கரை என்று எங்காவது போங்கள். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய இரவுகளில் எங்கள் ஒழுங்கையிலேயே நெபுலா வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. அரசாங்கத்துக்கு நன்றி எழுத மனம் வரவில்லை.

கேள்வி: 525 மடங்கு பெருப்பிக்கும் என்று பெட்டியில் போட்ட தொலைநோக்கி கடையில் பார்த்தேன். வாங்கலாமா?
— தகப்பன் ஒருவர், மானிப்பாய்

பதில்: வேண்டாம். நானும் ஒருமுறை கொழும்பில் அப்படி ஒன்றை வாங்கி, அதில் நிலவைத் தேடியே கழுத்துப் பிடிப்பு வந்தது. வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீற்றரோ அதன் இரண்டு மடங்குக்கு மேல் பெருப்பிப்பதில் பயனில்லை. 60 மில்லிமீற்றருக்கு 120. நெபுலாவுக்கு அதுவும் தேவையில்லை. நான் ஆச்சிக்குக் காட்டியது 48 மடங்கில். வேண்டியது ஒளி சேர்க்கும் அகலம். அந்தக் காசுக்கு 10க்கு 50 (10 மடங்கு, 50 மில்லிமீற்றர் வில்லை) இருகண் நோக்கி ஒன்று வாங்கி, கையை மதிலில் ஊன்றிக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: நட்சத்திரம் பிறப்பது என்றால் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒன்று வருமா? நெபுலாவின் வடிவம் மாறுமா?
— எட்டாம் வகுப்பு மாணவன், வல்வெட்டித்துறை

பதில்: முழுப் பிறப்பையும் பார்க்க லட்சக்கணக்கான வருடம் இருக்க வேண்டும், தம்பி. 1880 செப்ரெம்பர் 30 இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர் ஏறக்குறைய 50 நிமிடம் கமராவைத் திறந்துவைத்து ஓரியன் நெபுலாவைப் படம் எடுத்தார். நெபுலா ஒன்றுக்கு எடுத்த முதல் படம் அதுதான். அதையும் இன்று எடுப்பதையும் பக்கத்தில் வைத்தால் கமரா மாறியதுதான் தெரியும்.

ஆனால் இடைக்கிடை ஒன்று துடிக்கும். 1936 இல் ஓரியனில் மங்கிக் கிடந்த ஓர் இளம் நட்சத்திரம், சில மாதங்களுக்குள் நூறு மடங்குக்கு மேல் பிரகாசமாகி, இன்றுவரை பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள வாயுத் தட்டில் இருந்து திடீரென்று நிறைய அதன்மேல் விழத் தொடங்கியதுதான் காரணம். அப்படித் தட்டுச் சூழ்ந்த குழந்தை நட்சத்திரங்களை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி ஓரியன் நெபுலாவுக்குள் நூற்றுக்கு மேல் கண்டிருக்கிறது. எங்கள் சூரியனும் பூமியும் 460 கோடி வருடத்துக்கு முன் அப்படி ஒரு தட்டில் இருந்து வந்தவைதான்.

அப்புறம் 2004 ஜனவரி. அமெரிக்காவின் கென்ரக்கியில் ஜே மக்னீல் என்ற பொழுதுபோக்கு ஆய்வாளர், தன் வீட்டில் வைத்திருந்த மூன்று அங்குலத் தொலைநோக்கியால் ஓரியனைப் படம் எடுத்தார். அதில், ஒப்பிட்டுப் பார்த்த பழைய படங்களில் இல்லாத சிறு முகில் ஒன்று. ஓர் இளம் நட்சத்திரம் வெடித்துப் பிரகாசித்து, தனக்குப் பக்கத்துத் தூசை வெளிச்சமாக்கியிருக்கிறது. இப்போது அதற்கு அவர் பெயர். மூன்று அங்குலம் என்றால் என்னுடையதில் பாதி. ஆகவே நானும் ஒவ்வொரு தெளிந்த இரவும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

ஆச்சியும் போன கிழமை வந்தார். கதிரை போட்டேன். வழமை போல் பக்கத்தாலை பார்த்தார், நெடுநேரம்.

"புகை இன்னும் அடங்கேல்லை" என்றார்.